இழை: பயாப்ஸி அறிக்கையில் ‘இன்டெஸ்டினல் மெட்டாபிளேசியா’ என்று வந்தால் எவ்வளவு கவலைப்பட வேண்டும்?

கேள்விக்குறி (இழையைத் தொடங்கியவர்)

அல்சர், அசிடிட்டி பற்றிய பழைய இழைகளில் இந்தக் கேள்வி துண்டு துண்டாக வந்துபோகிறது. ஒரே இடத்தில் இருந்தால் தேடுகிறவர்களுக்கு வசதி என்று தனி இழை தொடங்குகிறேன்.

எண்டோஸ்கோபியில் எடுத்த பயாப்ஸிக்கு ‘க்ரானிக் கேஸ்ட்ரைட்டிஸ் வித் இன்டெஸ்டினல் மெட்டாபிளேசியா, நோ டிஸ்பிளேசியா’ என்று அறிக்கை வந்தால், அது புற்றுநோயின் ஆரம்பமா? வருடா வருடம் எண்டோஸ்கோபி செய்தே ஆக வேண்டுமா? யாருக்கு ஆபத்து கூடுதல்? அமிலம் அதிகம் சுரப்பதால்தான் இதெல்லாம் வருகிறது என்கிறார்களே, அது சரியா?

திசுக்கண்ணாடி

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: சரியில்லை, கிட்டத்தட்ட தலைகீழ். இரைப்பைப் புற்றுநோயில் பெரும்பகுதி, அமிலம் சுரக்கும் சுரப்பிகள் அழிந்துபோன இரைப்பையில்தான் வருகிறது.

பேலாயோ கொரேயா என்ற நோய்க்குறியியலாளர் வகுத்த படிவரிசை இன்றைக்கும் நிற்கிறது. முதலில் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இரைப்பையின் உட்சவ்வில் குடியேறி நாள்பட்ட அழற்சியை உண்டாக்குகிறது. பெரும்பாலும் சிறுவயதிலேயே தொற்றிவிடும், தானாகப் போகாது. பல ஆண்டு அழற்சியில் சுரப்பிகள் கரைந்து சவ்வு மெலிகிறது, இதுதான் அட்ரோஃபி. அழிந்த சுரப்பிகளின் இடத்தில் குடலின் சவ்வைப் போன்ற செல்கள் முளைத்தால் அது இன்டெஸ்டினல் மெட்டாபிளேசியா. அந்தச் செல்களின் வடிவமும் அடுக்கும் கெட்டால் டிஸ்பிளேசியா. அதற்கு அப்பால்தான் புற்றுநோய். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போகப் பல வருடங்கள், சில வேளை பத்தாண்டுகள்கூட ஆகும். பெரும்பாலானவர்கள் நடுவிலேயே நின்றுவிடுகிறார்கள்.

ஆக, மெட்டாபிளேசியா புற்றுநோய் இல்லை, புற்றுநோயின் முதல் நிலையும் இல்லை. நெடுநாள் காயம் பட்டதற்கான தழும்பு. தழும்பு எவ்வளவு பரப்பில் இருக்கிறது, எந்த வகை என்பதை வைத்துத்தான் மேற்கொண்டு பேச முடியும். அறிக்கையில் அந்த இரண்டும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

எதிர்வாதி

எண்களையும் போட்டுவிடுவோம், இல்லாவிட்டால் ஆளுக்கொரு பயம் வரும். நெதர்லாந்தில் நாடு முழுவதும் உள்ள பயாப்ஸிப் பதிவேட்டை வைத்துச் செய்து 2008-ல் வெளியான ஆய்வு இதற்கு நல்ல ஆதாரம். முதல் 5 ஆண்டுகளில் வருடத்துக்கு எத்தனை பேருக்குப் புற்றுநோய் வந்தது என்று பார்த்தார்கள். அட்ரோஃபி இருந்தவர்களில் 0.1 சதவீதம், மெட்டாபிளேசியாவில் 0.25 சதவீதம், லேசான அல்லது மிதமான டிஸ்பிளேசியாவில் 0.6 சதவீதம், கடுமையான டிஸ்பிளேசியாவில் 6 சதவீதம்.

கவனிக்க வேண்டியது அந்தக் கடைசித் தாவல். மெட்டாபிளேசியா உள்ள 400 பேரில் வருடத்துக்கு ஒருவர். கடுமையான டிஸ்பிளேசியா உள்ள 100 பேரில் ஆறு பேர். ‘புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம்’ என்று இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பதுதான் பாதிப் பீதிக்குக் காரணம்.

உள்நோக்கி

எதிர்வாதி சொன்னது சராசரி. அந்த 0.25 எல்லாருக்கும் சமமாகப் பங்கு போட்டுக் கொடுத்தது இல்லை. இரைப்பையின் கீழ்ப்பகுதியான ஆன்ட்ரத்தில் ஒரு சின்னத் திட்டாக மெட்டாபிளேசியா இருப்பவருக்கு ஆபத்து மிகக் குறைவு. ஆன்ட்ரம், அதற்கு மேலே உள்ள பெரும்பகுதியான கார்பஸ் என்று கீழும் மேலும் பரவியிருப்பவருக்கு அதைவிடப் பல மடங்கு. இது தெரிய வேண்டுமானால் பயாப்ஸி எடுத்த விதம் சரியாக இருக்க வேண்டும். பெரும்பாலான குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

எங்கெங்கே பயாப்ஸி எடுப்பது என்று வகுத்த திருத்தப்பட்ட சிட்னி முறைப்படி 5 துண்டுகள். இரைப்பை சிறுகுடலில் திறக்கும் வாயான பைலோரஸிலிருந்து 2–3 செ.மீ. தொலைவுக்குள் ஆன்ட்ரத்தின் சிறு வளைவில் ஒன்று, பெரு வளைவில் ஒன்று. இன்சிசூரா என்ற மடிப்பில் ஒன்று. கார்பஸில் சிறு வளைவில், அந்த மடிப்புக்கு மேலே சுமார் 4 செ.மீ.-யில் ஒன்று. பெரு வளைவில், இரைப்பையின் மேல்முனையான கார்டியாவிலிருந்து சுமார் 8 செ.மீ.-யில் ஒன்று. கண்ணுக்குச் சந்தேகமாக எதுவும் பட்டால் அது இந்த ஐந்தில் சேராது, தனியாக எடுக்க வேண்டும்.

ஆன்ட்ரமும் இன்சிசூராவும் ஒரு குப்பி, கார்பஸ் இன்னொரு குப்பி. சந்தேகப் புண்ணோ மேடோ இருந்தால் அதற்கு மூன்றாவது குப்பி. ஒரே குப்பியில் ஐந்தையும் போட்டுவிட்டால், மெட்டாபிளேசியா கீழே இருந்ததா மேலே இருந்ததா என்று யாராலும் பிறகு சொல்ல முடியாது. மிச்சம் பிடித்தது ஒரு குப்பி, இழந்தது முழுத் தகவல்.

இன்னொன்று நேரம். குழாயை உள்ளே விட்டு இரண்டு நிமிடத்தில் வெளியே எடுத்தால் சின்ன மாற்றங்கள் தப்பிவிடும். உள்ளே நுழைத்ததிலிருந்து வெளியே எடுக்கும் வரை 7 நிமிடமாவது ஆக வேண்டும் என்பது ஐரோப்பியத் தர அளவுகோல். நுரையும் சளியும் மூடியிருந்தால் ஏழு நிமிடம் பார்த்தும் பயனில்லை. அதனால்தான் முன்கூட்டியே, நுரையைக் கரைக்கும் சிமெதிகோன் கலந்த நீர் குடிக்கக் கொடுப்பதும், உள்ளே நீர் பாய்ச்சிக் கழுவுவதும். நீல, பச்சை ஒளியில் சவ்வைக் காட்டும் நாரோ பேண்ட் இமேஜிங் வசதி இருந்தால் மெட்டாபிளேசியா உள்ள இடத்தில் செல் மேடுகளின் விளிம்பில் மெல்லிய நீலக் கோடு தெரியும். அந்த இடத்தைக் குறிவைத்து எடுத்த பயாப்ஸி, கண்ணை மூடிக்கொண்டு எடுத்த ஐந்தைவிடத் தெளிவாகப் பேசும்.

கேள்விக்குறி

நான் சொன்ன மாதிரி அறிக்கைகளில் பெரும்பாலும் ‘கேஸ்ட்ரிக் பயாப்ஸி’ என்று மட்டும்தான் இருக்கிறது. இடம் கிடையாது, வகை கிடையாது. அப்போது என்ன கேட்பது?

திசுக்கண்ணாடி

கேட்க வேண்டியவை: எந்த இடத்துத் துண்டு, ஒவ்வோர் இடத்திலும் அட்ரோஃபியும் மெட்டாபிளேசியாவும் லேசானதா, மிதமானதா, கடுமையானதா, மெட்டாபிளேசியா முழுமையானதா, முழுமையற்றதா, கிருமி தெரிந்ததா, டிஸ்பிளேசியா உண்டா.

முழுமையானது என்றால் சிறுகுடல் சவ்வைப் போல ஒழுங்காக, விளிம்பில் தூரிகை முனையோடு இருக்கும். முழுமையற்றது பெருங்குடலை ஒத்தது, பல அளவுச் சளித்துளிகளோடு ஒழுங்கு குலைந்து தெரியும். இரண்டாவதில்தான் ஆபத்து கூடுதல். வழக்கமான எச் அண்ட் ஈ சாயத்திலேயே பெரும்பாலும் பிரித்துச் சொல்லிவிடலாம், தனிச் சோதனை எதுவும் வேண்டாம்.

ஆன்ட்ரத்துக்கும் கார்பஸுக்கும் தனித்தனி மதிப்பெண் கொடுத்து இரண்டையும் கோர்த்தால் ஓல்கா அல்லது ஓல்கிம் நிலை வரும், 0 முதல் 4 வரை. முதலாவது அட்ரோஃபியை வைத்து, இரண்டாவது மெட்டாபிளேசியாவை வைத்து. இரண்டு இடத்திலும் மிதமான அளவு இருந்தால் நிலை 3. நிலை 3, 4 என்றால் கண்காணிப்புப் பட்டியலில் சேர்க்க வேண்டியவர். ஆனால் இரண்டு குப்பி இல்லாமல் இந்தக் கணக்கே போட முடியாது, உள்நோக்கி சார் சொன்னதுதான்.

மாத்திரைப்பெட்டி

எல்லாரும் தழும்பைப் பற்றியே பேசுகிறீர்கள். கிருமியை அகற்றினார்களா என்பதுதான் நான் கேட்கும் முதல் கேள்வி. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-லேயே எச். பைலோரியை முதல் பிரிவு புற்றுநோய்க் காரணியாக அறிவித்துவிட்டது. ஜப்பானில் 1,526 பேரைச் சராசரியாக 7.8 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2001-ல் வந்தது. கிருமி இருந்த 1,246 பேரில் 36 பேருக்கு இரைப்பைப் புற்றுநோய். கிருமி இல்லாத 280 பேரில் ஒருவருக்குக்கூட இல்லை.

பரிசோதனையில் நடக்கும் தவறுகள்தான் அதிகம். யூரியா மூச்சுச் சோதனை, மல ஆன்டிஜென் சோதனை, பயாப்ஸி மூன்றும் ‘இப்போது உயிரோடு இருக்கும் கிருமி’யைக் காட்டும். பான்டோபிரசோல், ஒமிபிரசோல் போன்ற பி.பி.ஐ. (அமிலச் சுரப்பைக் குறைக்கும்) மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே பரிசோதித்தால் கிருமி அடங்கிப் பதுங்கும், ‘இல்லை’ என்று பொய்யாக வரும். பி.பி.ஐ.-யை 2 வாரம், ஆன்டிபயாடிக்கையும் பிஸ்மத்தையும் 4 வாரம் நிறுத்திவிட்டுத்தான் பரிசோதிக்க வேண்டும். நிறுத்தலாமா என்று மருந்து எழுதியவரிடம் கேட்டுவிட்டே நிறுத்தவும். சமீபத்தில் ரத்தக் கசிவு இருந்தவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் தாமாக நிறுத்தக் கூடாது.

ரத்தத்தில் ஆன்டிபாடி பார்ப்பது வேறு கதை. கிருமி போன பிறகும் அது மாதக்கணக்கில், வருடக்கணக்கில் பாசிட்டிவாகவே இருக்கும். சிகிச்சை பலித்ததா என்று பார்க்க அது உதவாது.

திசுக்கண்ணாடி

ஒரு விதிவிலக்கு உண்டு. அட்ரோஃபி மிகவும் பரவிவிட்டால் கிருமிக்கே அங்கே பிழைப்பு இல்லை. குடல் வகைச் சவ்வில் அது ஒட்டாது. பயாப்ஸி, மூச்சுச் சோதனை எல்லாம் நெகட்டிவ் என்று வரும். அந்த நிலையில் ஆன்டிபாடி பாசிட்டிவ் என்றால் ‘முன்பு இருந்து போயிருக்கிறது’ என்று புரியும். ‘கிருமி இல்லை, ஆபத்தில்லை’ என்று முடிவுகட்டுவது இந்த இடத்தில் தப்பு. ஆபத்து கூடுதலாக இருப்பதே இவர்களுக்குத்தான்.

மாத்திரைப்பெட்டி

ஒப்புக்கொள்கிறேன் மேடம்.

சிகிச்சைக்கு வருகிறேன். கிளாரித்ரோமைசின் சேர்ந்த பழைய மூன்று மருந்து முறை பல இடங்களில் பலிப்பதில்லை, கிருமிக்கு எதிர்ப்புத்திறன் வந்துவிட்டது. எதிர்ப்புத்திறன் சோதிக்க வழியில்லாத இடத்தில் பிஸ்மத் நான்கு மருந்து முறையை 14 நாள் கொடுப்பதே இன்றைய பரிந்துரை: பி.பி.ஐ. தினம் இருவேளை, பிஸ்மத் நான்கு வேளை, டெட்ராசைக்ளின் 500 மி.கி. நான்கு வேளை, மெட்ரோனிடசோல் 500 மி.கி. மூன்று அல்லது நான்கு வேளை.

இது தோற்பதற்குக் காரணம் பெரும்பாலும் மருந்து இல்லை, அட்டவணை. ஒரு நாளைக்கு இத்தனை மாத்திரையா என்று ஐந்தாம் நாளில் விட்டுவிடுகிறார்கள். வாயில் உலோகச் சுவை வரும், நாக்கும் மலமும் கறுக்கும். பிஸ்மத்தால் வரும் கறுப்பு அது, மருந்து முடிந்ததும் போய்விடும் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பாதிப் பேர் தொடர்வார்கள். ஆனால் தாரைப் போல ஒட்டும், துர்நாற்றம் அடிக்கும் கருமலமோ தலைச்சுற்றலோ வந்தால் மருந்தின் மேல் பழி போடாமல் உடனே காட்ட வேண்டும், அது ரத்தக் கசிவாக இருக்கலாம். பி.பி.ஐ.-யைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு எடுக்க வேண்டும். டெட்ராசைக்ளினைப் பால், கால்சியம், இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் உடம்பில் ஏறாது. கிடைக்கவில்லை என்று டாக்சிசைக்ளினை மாற்றிக் கொடுத்தால் பலன் குறைகிறது. மெட்ரோனிடசோல் எடுக்கும் நாட்களில் மது கூடாது. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் டெட்ராசைக்ளின் ஆகாது, அவர்களுக்கு வேறு திட்டம்.

முடித்து 4 வாரம் கழித்து, பி.பி.ஐ.-யை 2 வாரம் நிறுத்தி, மூச்சு அல்லது மலச் சோதனை. இதைச் செய்யாமல் ‘போயிருக்கும்’ என்று விட்டுவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் ஓட்டை. முதல் முறை தோற்றால் அதே கிளாரித்ரோமைசினை மறுபடி கொடுப்பது வீண்.

எதிர்வாதி

கிருமியை அகற்றினால் மெட்டாபிளேசியா மறையுமா? ‘மறையும்’ என்று சிலர் உறுதி கொடுக்கிறார்கள்.

உள்நோக்கி

அட்ரோஃபி ஓரளவு திரும்பலாம். மெட்டாபிளேசியா திரும்புவதை எதிர்பார்த்து உட்கார வேண்டாம். நோக்கம் மேலே போகாமல் நிறுத்துவது. கொரியாவில் இரைப்பைப் புற்றுநோயாளிகளின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் 1,676 பேரிடம் நடந்த ஆய்வு 2020-ல் வந்தது. சுமார் 9 ஆண்டு தொடர்ந்ததில், சிகிச்சை பெற்ற குழுவில் 1.2 சதவீதம் பேருக்கும் டம்மி மாத்திரை எடுத்தவர்களில் 2.7 சதவீதம் பேருக்கும் புற்றுநோய். கிருமி உண்மையிலேயே போனவர்களில் 0.8, போகாதவர்களில் 2.9. குறைகிறது, பூஜ்ஜியம் ஆகவில்லை. பரவிய மெட்டாபிளேசியா வந்த பிறகு அகற்றியவருக்கு, கிருமி போனாலும் கண்காணிப்பு தொடர வேண்டும்.

கேள்விக்குறி

அப்படியானால் எவ்வளவு நாளைக்கு ஒருமுறை?

உள்நோக்கி

2019-ல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதலைச் சொல்கிறேன். ஆன்ட்ரத்தில் மட்டும் லேசான, முழுமையான மெட்டாபிளேசியா, குடும்பத்தில் யாருக்கும் இல்லை, கிருமி போய்விட்டது என்றால் வழக்கமான கண்காணிப்பு தேவையில்லை. இரண்டு இடத்திலும் பரவியிருந்தால், அதாவது நிலை 3 அல்லது 4 என்றால், 3 ஆண்டுக்கு ஒருமுறை. அதோடு நெருங்கிய ரத்த உறவில் இரைப்பைப் புற்றுநோய் இருந்தால் 1–2 ஆண்டு. ஓரிடத்தில் மட்டும் இருந்தாலும் முழுமையற்ற வகை, குடும்ப வரலாறு, போகாத கிருமி இவற்றில் ஒன்று இருந்தால் 3 ஆண்டு யோசிக்கலாம்.

டிஸ்பிளேசியா என்று வந்தால் ஆட்டமே வேறு. முதலில் இரைப்பையில் அனுபவமுள்ள இரண்டாவது நோய்க்குறியியலாளர் அதே ஸ்லைடைப் பார்க்க வேண்டும், கடும் அழற்சி டிஸ்பிளேசியாவைப் போல வேஷம் போடும். பிறகு நல்ல தெளிவுள்ள கருவியில் மறு எண்டோஸ்கோபி. கண்ணில் படும் மேடோ பள்ளமோ இருந்தால் துண்டு எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் எண்டோஸ்கோபி வழியாகவே முழுசாக அகற்றுவது. எதுவும் தெரியாவிட்டால் உயர்நிலை (கடுமையான) டிஸ்பிளேசியாவுக்கு 6 மாதத்தில், தாழ்நிலைக்கு 12 மாதத்தில் மறுபடி எண்டோஸ்கோபி.

வருடா வருடம் எல்லாருக்கும் என்பது தேவையற்ற செலவு. ஐந்து வருடம் யாரும் பார்க்கவேயில்லை என்பதும் நடக்கிறது, பெரும்பாலும் ஆபத்துள்ளவருக்கே.

உப்புக்கணக்கு

உணவுப் பக்கம் யாரும் தொடவில்லை. உப்பிட்டுப் பதப்படுத்திய, புகையூட்டிய இறைச்சியும் மீனும் கிருமியோடு சேரும்போது ஆபத்தைக் கூட்டுகின்றன. அதிக உப்பு சவ்வின் சளிப்போர்வையை அரிக்கிறது. அமிலம் குறைந்த இரைப்பையில் வேறு பாக்டீரியாக்கள் பெருகி, நைட்ரேட்டை நைட்ரைட்டாக்கி, அதிலிருந்து புற்றுநோயைத் தூண்டும் என்-நைட்ரோசோ சேர்மங்கள் உண்டாகின்றன. நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. பழமும் காய்கறியும் அதிகம் உண்பவர்களிடம் ஆபத்து குறைவாகக் காணப்படுகிறது. ஆனால் வைட்டமின் மாத்திரை அந்த இடத்தைப் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன்.

புகைபிடித்தல் ஆபத்தை ஏறக்குறைய ஒன்றரை மடங்காக்குகிறது. மிகுந்த மதுவும் கூட்டும். உடல் பருமன் இரைப்பையின் மேல்முனையான கார்டியா புற்றுநோயோடு தொடர்புடையது, கீழ்ப்பகுதியோடு அவ்வளவு இல்லை. மாற்ற முடியாதவை வயதும் பாலினமும். ஆண்களுக்கு ஏறத்தாழ இரு மடங்கு.

எதிர்வாதி

பி.பி.ஐ. நீண்ட நாள் எடுத்தால் இரைப்பைப் புற்றுநோய் வரும் என்று ஒரு செய்தி மாதத்துக்கு ஒருமுறை சுற்றுகிறதே?

மாத்திரைப்பெட்டி

கவனிப்பு ஆய்வுகளில் தொடர்பு தெரிகிறது, காரணம் என்று நிரூபணமாகவில்லை. வயிற்றுத் தொல்லை உள்ளவருக்குத்தானே அந்த மாத்திரையே எழுதப்படுகிறது? பி.பி.ஐ.-யால் வரும் சின்ன ஃபண்டிக் சுரப்பிப் பாலிப்புகள் (சவ்வில் முளைக்கும் சதை மொட்டுகள்) பொதுவாகத் தீங்கற்றவை. என் கவலை வேறு. கிருமி இருக்கும்போதே வருடக்கணக்கில் பி.பி.ஐ. எடுத்தால் அழற்சி ஆன்ட்ரத்திலிருந்து கார்பஸுக்கு ஏறுகிறது. நீண்ட நாள் எடுக்கப் போகிறவருக்குக் கிருமியைப் பரிசோதித்து அகற்றிவிடுவது நல்லது.

உள்நோக்கி

கூடவே ஒன்று. இரைப்பைப் புண் என்றால் ஓரங்களிலிருந்து பல துண்டுகள் எடுத்து, 8–12 வாரத்தில் ஆறிவிட்டதா என்று மறுபடி பார்க்க வேண்டும். பி.பி.ஐ. புற்றுப் புண்ணைக்கூட மேலாக ஆற்றிக் காட்டும். சிறுகுடலின் தொடக்கத்தில் வரும் டியோடினல் புண் அந்த வகையில் சேராது. மேலே சொன்ன ஜப்பான் ஆய்வில் கிருமியோடு டியோடினல் புண் இருந்த 275 பேரில் ஒருவருக்கும் இரைப்பைப் புற்றுநோய் வரவில்லை. அமிலம் கூடுதலாகச் சுரக்கும் இரைப்பை அது.

மரபுவழி

இதுவரை பேசியது குடல்வகைப் புற்றுநோயை. பரவும் வகை என்று இன்னொன்று இருக்கிறது, அது இந்தப் படிவரிசையில் ஏறி வருவதில்லை. சிடிஎச்1 மரபணுவில் பிறவியிலேயே பிழை இருந்தால் செல்களை ஒட்டவைக்கும் ஈ-கேடரின் புரதம் குறைகிறது. 1998-ல் நியூசிலாந்தின் மாவோரிக் குடும்பம் ஒன்றில்தான் இது முதலில் அடையாளம் காணப்பட்டது. மேற்சவ்வு சாதாரணமாகத் தெரியும், அடியில் செல்கள் தனித்தனியாகப் பரவியிருக்கும். எண்டோஸ்கோபி ‘நார்மல்’ என்று வந்தாலும் நம்ப முடியாது. அதனால்தான் பிழை உறுதியானவர்களோடு 20 முதல் 30 வயதுக்குள் முழு இரைப்பையையும் அகற்றுவது பற்றிப் பேசுகிறார்கள். குடும்பத்தில் இளவயதில் பரவும் வகைப் புற்றுநோய், அல்லது அதோடு மார்பகத்தின் லோபுலார் வகைப் புற்றுநோய் இருந்தால் மரபணு ஆலோசகரைப் பார்க்க வேண்டும். லிஞ்ச், குடும்பப் பாலிப் நோய் போன்ற, பரம்பரையாகக் குடல் புற்றுநோயை உண்டாக்கும் நோய்களிலும் ஆபத்து உண்டு.

பிழை எதுவும் இல்லாமலும் குடும்பத்தில் வருவதுண்டு. பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளைகளில் ஒருவருக்கு இருந்தால் 2–3 மடங்கு. அதில் ஒரு பங்கு, ஒரே வீட்டில் ஒரே கிருமி தொற்றியதால்.

திசுக்கண்ணாடி

விட்டுப்போன ஒன்று: ஆட்டோஇம்யூன் கேஸ்ட்ரைட்டிஸ். உடலின் எதிர்ப்புச் சக்தியே கார்பஸில் அமிலம் சுரக்கும் பெரைட்டல் செல்களை அழிக்கும். ஆன்ட்ரம் நன்றாக இருக்கும், கார்பஸ் மட்டும் மெலிந்திருக்கும், இந்த அமைப்பைப் பார்த்ததும் சந்தேகம் வர வேண்டும். பி12 குறையும், அதற்கு முன்பே இரும்புச்சத்தும் குறையலாம். தைராய்டு நோயோடு சேர்ந்து வருவது சகஜம். அமிலத்தைச் சுரக்கச் சொல்லும் காஸ்ட்ரின் ஹார்மோன் ஏறி, ஹார்மோன் சுரக்கும் செல்களிலிருந்து சின்ன நியூரோஎண்டோகிரைன் கட்டிகளும் தோன்றும். இவர்களுக்குக் கண்காணிப்பு 3–5 ஆண்டுக்கு ஒருமுறை. இரும்புச்சத்து மாத்திரைக்கு மசியாத ரத்தசோகை என்றால் இதை நினைத்துப் பாருங்கள்.

மட்டுறுத்துநர்

இழையைப் படிப்பவர்களுக்கு: காரணமில்லாமல் எடை குறைவது, விழுங்கச் சிரமம், கருமலம், ரத்த வாந்தி, தொடர் வாந்தி, கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிரம்புவது, புதிதாக வந்த ரத்தசோகை இருந்தால் கண்காணிப்பு இடைவெளிக் கணக்கெல்லாம் பொருந்தாது, உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். தனிப்பட்ட அறிக்கைகளின் படங்களை இங்கே ஏற்ற வேண்டாம்.

கேள்விக்குறி

எல்லாருக்கும் நன்றி. ஒன்றே ஒன்று. அறிக்கையில் வகையும் அளவும் எழுதவில்லை என்றால், அதற்காகவே மறுபடி எண்டோஸ்கோபி செய்ய வேண்டுமா?

திசுக்கண்ணாடி

உடனே வேண்டாம். திசுவைப் பதித்த பாரஃபின் பிளாக்கும் ஸ்லைடும் ஆய்வகத்தில் வருடக்கணக்கில் பத்திரமாக இருக்கும். அறிக்கை எண்ணைச் சொல்லி, ‘மெட்டாபிளேசியா முழுமையானதா, முழுமையற்றதா, அட்ரோஃபியும் மெட்டாபிளேசியாவும் எந்த அளவு’ என்று கூடுதல் குறிப்புக் கேட்டு மருத்துவர் எழுதினால், அதே ஸ்லைடைப் பார்த்துச் சொல்லிவிடலாம். வேறு ஊரில் இரண்டாவது கருத்து வேண்டுமானாலும் பிளாக்கை வாங்கிக்கொண்டு போகலாம். இடம் மட்டும்தான் பிளாக்கில் கிடைக்காது. எல்லாத் துண்டும் ஒரே குப்பியில் வந்திருந்தால், சுரப்பி மிச்சமிருக்கும் துண்டில் ஓரளவு யூகிக்கலாம், முழுக்க மெட்டாபிளேசியாவாக மாறிய துண்டில் அதுவும் முடியாது. அப்போதுதான் ஐந்து துண்டு, இரண்டு குப்பி என்று மறு எண்டோஸ்கோபிக்குக் காரணம் இருக்கிறது.

உள்நோக்கி

அதுவும் கிருமிச் சிகிச்சையை முடித்து, அழற்சி தணிந்த பிறகு. அழற்சி கொதித்துக்கொண்டிருக்கும்போது எடுத்தால் அட்ரோஃபியின் அளவைச் சரியாக மதிப்பிட முடியாது.